ஓரத்தில் ஒரு வெட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷம் ஆகஸ்டு மாதம், மலாக்காவே கொடிக்கம்பம் நட்டுக்கொண்டும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டும் கிடந்தபோது, சாரதாம்பாள் மட்டும் சிவப்பைத் தேடி அலைந்துகொண்டிருந்தாள். செம்பருத்தியைக் கண்டால் நின்றாள். தபால் பெட்டியைக் கண்டால் கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோயில் வாசலில் குங்குமத்தை உள்ளங்கையில் கொட்டி, வெயிலில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்ததில், குங்குமத்தில் பூச்சி கீச்சி இருக்கிறதா அம்மா என்று குருக்களே கேட்டுவிட்டார். ஒன்றுமில்லை சாமி என்று நெற்றியில் இட்டுக்கொண்டு நடையைக் கட்டினாள். குங்குமம் சிவப்பாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

அவளுக்கு அப்போது நாற்பத்தோரு வயது. சிங்கப்பூர் கடற்படைத் தளத்துக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பத்தை வைத்துக்கொண்டான். அவன் எக்கேடு கெட்டால் நமக்கென்ன, அவன் கதை இங்கே வேண்டாம். பள்ளிக்கூடம் போகிற ஒரே மகளோடு காஜா பேராங் பகுதியில் ஓர் அறையில் குடியிருந்தாள். பொன்னுதுரை முதலாளியின் ஜவுளிக்கடையில் பதினோரு வருஷமாக நிறம் பார்க்கிற வேலை. அந்த வேலைதான் சோறு, அந்த வேலைதான் மகளின் படிப்பு, அந்த வேலைதான் தெருவில் நாலு பேர் கொடுக்கிற மரியாதை.

நிறம் பார்ப்பது என்றால் லேசுப்பட்ட காரியமா? புடவைக்கு இசைவான ரவிக்கைத் துணி எது என்று சொல்ல வேண்டும். சிவப்பிலேயே முப்பது சிவப்பு இருக்கிறது. புடவையையும் நாலைந்து துணிச்சுருள்களையும் தூக்கிக்கொண்டு கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதைக்கு வந்து, வெயில் விழுகிற இடத்தில் விரித்துப் போட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பாள். பிடித்துவிட்டால் இடுப்பில் தொங்கும் சின்னக் கத்தரியை எடுத்து, சுருளின் முனையில் முக்கோணமாக ஒரு வெட்டு வெட்டுவாள். அந்த வெட்டு விழுந்தால் பேச்சு முடிந்தது. முதலாளியே குறுக்கே பேச மாட்டார்.

வெட்டு விழுந்த சுருள் உள்ளே சீதாவிடம் போகும். சீதா, காஜா பேராங்கில் செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்பில் பிறந்த பெண், இருபத்து நாலு வயது. பல தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன குடும்பம். சாமி பேரும் சடங்குப் பேரும் தமிழில் இருக்கும். மற்றபடி வீட்டில் சண்டை போடுவதும் கொஞ்சுவதும் மலாயில்தான். துணி அளந்து வெட்டுவது அவள் வேலை. அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாரதாம்பாளின் வெட்டு இருக்கும் முனையை நாலு விரல் அகலத்துக்கு முதலில் நறுக்கி எடுத்து, அதையே மிச்சச் சுருளைச் சுற்றிக் கட்டி முடிந்து வைத்துவிடுவாள். வாங்கினவர்கள் வீட்டுக்குப் போய்த் திருப்திப்படும் வரைக்கும் அந்தத் துண்டு அங்கேயே கிடக்கும். யார் கேட்டாலும், இதோ அக்கா போட்ட வெட்டு என்று காட்டலாம் அல்லவா?

மாலையில் இருவரும் சேர்ந்துதான் வீட்டுக்கு நடப்பார்கள். ஒருத்தி தமிழில் பேசுவாள், மற்றவள் மலாயில் பதில் சொல்வாள். வழியில் வாழைப்பழப் பொரியல் வாங்கி ஆளுக்கு இரண்டாகத் தின்பார்கள். ஆறு வருஷமாக இப்படி.

ஜூலைக் கடைசியில் முதலாளிக்கு ஒரு வேகம் வந்தது. நாடு சுதந்திரம் அடையப்போகிறது, கடை மட்டும் பழைய கிடங்கு மாதிரி இருக்கலாமா? முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி அடைத்தார். குண்டு பல்புகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பதினெட்டுக் குழல் விளக்குகள் மாட்டினார். விளக்கு வந்த அட்டைப் பெட்டியில் பகல் வெளிச்சம் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அவருக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. பட்டப்பகலையே காசு கொடுத்து உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறேன், இனிமேல் யாரும் துணியைத் தூக்கிக்கொண்டு ஐந்தடிக்கு ஓடக் கூடாது, புழுதி படுகிறது என்று உத்தரவு போட்டார். சாரதாம்பாளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. வெயிலில் நின்று வேர்க்க வேண்டியதில்லை. பின்பக்கம் வெட்டுமேசை மேலேயே விரித்துப் பார்த்துவிடலாம்.

அப்போதுதான் மாதர் சங்கத்து ஆர்டர் வந்தது. சுதந்திர நாளன்று பண்டார் ஹிலிர் திடலில் ஊர்வலம். நாற்பத்தெட்டுப் பெண்கள் ஒரே மாதிரி அரக்குச் சிவப்புப் புடவையில் நடக்க வேண்டும். புடவைகள் கடையிலேயே இருந்தன. ரவிக்கைத் துணியைச் சாரதாம்பாள் வெட்டுமேசையில் வைத்துப் பார்த்தாள். ஒரு சுருள் புடவையோடு அப்படியே ஒட்டிக்கொண்டது; எது புடவை எது ரவிக்கை என்று தெரியாத அளவுக்கு ஒட்டிக்கொண்டது. வெட்டைப் போட்டாள். சீதா நாற்பத்தெட்டுத் துண்டு வெட்டி மடித்துக் கொடுத்தாள்.

நாலாம் நாள் காலை பதினொரு மணிக்குச் சங்கத்துச் செயலாளர் சந்திரமதி கடைக்குள் வந்தார். கத்தவில்லை. புடவையையும் தைத்த ரவிக்கையையும் எடுத்துக்கொண்டு முதலாளியை வாசலுக்குக் கூப்பிட்டார். வெயிலில் புடவை அரக்காக இருந்தது. ரவிக்கை செங்கல் நிறத்தில் இருந்தது. இப்படிப் போட்டுக்கொண்டு ஊருக்கு முன்னால் நடந்தால் சிரிக்க மாட்டார்களா, ஏழு பேர் தைத்தும் முடித்துவிட்டார்கள் என்று நிதானமாகச் சொன்னார். அந்த நிதானம்தான் முதலாளியின் முகத்தைக் கறுக்க வைத்தது.

அவர் சாரதாம்பாளைச் சந்தேகப்படவில்லை, பாவம். பதினோரு வருஷத்தில் சாரதா ஒரு தப்புச் செய்ததில்லை என்று சந்திரமதியிடமே சொன்னார். பிறகு சீதாவின் பக்கம் திரும்பினார். பின்னால் அலமாரியில் இரண்டு சிவப்புச் சுருள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததே, மாற்றி எடுத்து வெட்டிவிட்டாயா என்று பிடித்துக்கொண்டார். சீதா ஓடிப்போய் மிச்சச் சுருளைக் கொண்டுவந்து முன்மேசையில் வைத்தாள். சுற்றி முடிந்திருந்த துண்டைத் தொட்டுக் காட்டினாள்.

"இனி அக்கா புஞ்ஞா தாண்டா," என்றாள். இது அக்காவுடைய அடையாளம் என்று அர்த்தம். முதலாளி அவளைக் கையமர்த்திவிட்டு, "சாரதா, நீ பாத்துக் குடுத்தது இதுதானா, சொல்லு," என்றார்.

சாரதாம்பாள் அந்தத் துண்டைக் கையில் எடுத்தாள். வெட்டு அவளுடையதுதான். மேல்பக்கம் கொஞ்சம் சாய்ந்த முக்கோணம். அவள் கத்தரிக்கு ஒரு முனை மழுங்கியிருந்ததால் அப்படித்தான் விழும். ஆனால் துணி? முன்மேசையில் வைத்துப் பார்த்தால் புடவைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வெட்டுமேசையில் ஒன்றாகத் தெரிந்தது இங்கே வேறாகத் தெரிந்தது.

தம்பின் ஊரில் இருந்த அவள் அக்கா பொன்னம்மாவுக்குச் சரியாக நாற்பது வயதில் கண் போனது. முதலில் நிறம்தான் போனது. ஒரு நாள் சிவப்பு மண்ணாகத் தெரியும், மறுநாள் சரியாகிவிடும், அதற்கு மறுநாள் மறுபடியும் மண். வருவதும் போவதுமாக இருந்து ஒருநாள் போயே போய்விட்டது. இப்போது சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறாள். தனக்கும் ஆரம்பித்துவிட்டது என்றுதான் சாரதாம்பாளுக்குத் தோன்றியது. நிறம் பார்க்கிறவளுக்குக் கண் போனால் கடையில் என்ன வேலை? மகளை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது?

கட்டைவிரல் தானாக அந்த வெட்டின் மேல் போய் உட்கார்ந்தது.

"இது நான் பாத்துக் குடுத்தது இல்லங்க," என்றாள்.

சீதா அவளைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தால் அழவில்லை. "ஆப்பா சாலா சாயா, அக்கா?" என்று மட்டும் கேட்டாள். நான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்கிறாள். அது புரிய மலாய் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சாரதாம்பாள் துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொன்னார். சீதா குடையை எடுத்துக்கொண்டு போனாள். எல்லோரும் சந்திரமதியைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்த சந்தடியில், சாரதாம்பாள் அந்த நாலு விரல் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

செய்த காரியம் நல்ல காரியம் என்று அவளும் நினைக்கவில்லை. ஆனால் நினைப்பதற்கு நேரம் எங்கே இருந்தது? இருபத்தேழாம் தேதிக்குள் வேறு துணி கொடுத்தாக வேண்டும். இந்தத் தடவை நீயே பார்த்து நீயே வெட்டு, வேறு கை படவே வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். எந்தக் கண்ணைக் கொண்டு பார்ப்பது?

அன்றிலிருந்துதான் இந்தச் செம்பருத்தியும் தபால் பெட்டியும் குங்குமமும். வெளியே எல்லாம் சரியாகவே தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் கோயில் பக்கம் போய், முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தத் துண்டையும் புடவை நூல் ஒன்றையும் வெயிலில் வைத்துப் பார்த்தால் செங்கல் செங்கலாக, அரக்கு அரக்காகப் பளிச்சென்று தெரியும். அடுத்த நிமிஷம் கடைக்குள் போய் வெட்டுமேசையில் வைத்தால் இரண்டும் ஒன்று. முன்மேசைக்கு வந்தால் வேறு. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை. கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்றது. கடை முழுக்க இருப்பது பகல் வெளிச்சம், அதில் முன்னென்ன பின்னென்ன? ஆக, கண்தான் வருகிறது, கண்தான் போகிறது. பொன்னம்மா அக்காவுக்கு வந்த அதே கூத்து.

வீட்டில் சோற்றில் ஊறுகாயை வைத்துக்கொண்டு விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். என்னம்மா செய்கிறாய் என்று மகள் கேட்டதற்கு எரிந்து விழுந்தாள். கடைக்குப் போகும்போது செட்டிக் கம்பத்துச் சந்துவழியைத் தவிர்த்து, சுற்றுவழியாக ஒரு மைல் கூடுதலாக நடந்தாள். வாழைப்பழப் பொரியல்காரன், கூட வருகிற பெண் எங்கே என்று கேட்டான். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வாங்காமலே வந்தாள். முதலாளி தினமும் என்ன ஆச்சு என்று கேட்டார். தினமும் நாளைக்கு என்றாள்.

ஐந்தாம் நாள் வயர்மேன் தியாகு ஏணியோடு வந்தான். வெட்டுமேசைக்கு மேலே இருந்த இரண்டு விளக்கில் ஒன்று இரண்டு நாளாக மினுக்கிக்கொண்டிருந்தது. விளக்குகளை முதலில் மாட்டியதும் அவன்தான். வாய் ஓயாத பையன் என்றாலும் வேலையில் சுத்தம். கம்பெனிக்காரன் கொடுத்த புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, குழலுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் சொல்கிற சுபாவம்.

சாரதாம்பாள் அப்போதும் புடவையையும் செங்கல் துணியையும் மேசை நெடுக விரித்து வைத்துக்கொண்டுதான் நின்றாள். தியாகு மினுக்கின குழலைக் கழற்றி, கொண்டுவந்த புதுக் குழலை மாட்டிச் சுவிட்சைப் போட்டான்.

மேசையின் இடது பாதியில் துணி நிறம் மாறியது.

கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். வலது பாதியில் புடவையும் துணியும் ஒன்று. இடது பாதியில் ஒன்று அரக்கு, ஒன்று செங்கல். அதே துணி, வெட்டாத ஒரே துணி, நடுவில் ஒரு கோடு போட்டதுபோல இரண்டு நிறம். துணியை வலப்பக்கம் இழுத்தாள், ஒன்றானது. இடப்பக்கம் தள்ளினாள், பிரிந்தது. வலம், இடம், வலம், இடம் என்று அவள் இழுக்கிற இழுப்பைப் பார்த்துவிட்டு, என்னக்கா துணிக்குத் தாலாட்டா என்று ஏணியிலிருந்தே தியாகு கேட்டான்.

"மேல எரியறது ரெண்டும் ஒரே விளக்குத்தானே தம்பி?" என்றாள்.

ஒரே விளக்கு இல்லை. அதைச் சொல்லத்தானே அவன் காத்திருந்தான். மெர்டேக்கா என்கிற சுதந்திர விழாவுக்காக ஊரெல்லாம் விளக்கு வாங்கியதில் பகல் வெளிச்சக் குழல் பன்னிரண்டுதான் கிடைத்தது. மிச்சம் ஆறும் மஞ்சள் வெள்ளைக் குழல். அவற்றைப் பின்பக்கம் மாட்டியிருந்தான்; இப்போது மாட்டியது எப்படியோ கிடைத்த ஒரே ஒரு பகல் வெளிச்சக் குழல். எல்லாம் வெள்ளையாகத்தான் தெரியும், கண் பழகிவிடும், ஆனால் வெள்ளைக்குள் வெள்ளை வேறு என்றான்.

கழற்றின குழலை மடியில் வைத்துக்கொண்டு ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து விளக்கினான். குழலுக்குள்ளே பாதரச ஆவி இருக்கிறது. கரண்டு பாய்ந்தால் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு புற ஊதாக் கதிர் கிளம்புகிறது. அது கண்ணாடியின் உள்பக்கம் பூசியிருக்கிற வெள்ளைப் பொடியை அடிக்கிறது. பொடிதான் அந்த அடியை வாங்கி வெளிச்சமாக்குகிறது. பொடி என்ன பொடி? கால்சியம் பாஸ்பேட், நம் எலும்பில் இருக்கிறதே அதற்குப் பங்காளி. வெறும் பொடிக்கு ஒளி வராது. அதில் இரண்டு சரக்கைச் சிட்டிகைக் கணக்கில் கலக்கிறார்கள். ஒன்று ஆன்டிமனி, கண்ணுக்கு மை அரைக்கிற அஞ்சனக்கல்லில் இருக்கிறதே அது. இன்னொன்று மாங்கனீசு. ஆன்டிமனி நீலமாக ஒளி விடும், மாங்கனீசு செம்மஞ்சளாக விடும், இரண்டும் சேர்ந்தால் பார்க்கிறவனுக்கு வெள்ளை. மாங்கனீசைக் கொஞ்சம் கூட்டினால் மஞ்சள் வெள்ளை, குறைத்தால் பகல் வெள்ளை. நாம் சாம்பாரில் புளியைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி அவன் நிறத்தைக் கூட்டிக் குறைக்கிறான். ஆனால் சூரிய வெளிச்சத்தில் இருக்கிற எல்லா நிறமும் இதில் கிடையாது. அடர்சிவப்பு ரொம்பக் குறைவு. அதனால்தான் இரண்டு சிவப்புத் துணி இந்த விளக்கடியில் ஒன்று போலவும் வெளியில் வேறு போலவும் தெரியும். துணியில் போட்ட சாயம் வேறு வேறாக இருந்தால் ஆளையே ஏமாற்றிவிடும் என்றான்.

சாரதாம்பாள் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். கண் போகவில்லை. பொன்னம்மா அக்காவுக்கு வந்தது தனக்கு வரவில்லை. அஞ்சு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பிசாசு இறங்கிப் போனது. அந்தச் சந்தோஷத்தில், என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே, அவனை இன்னும் கொஞ்சம் பேச விட்டாள். அந்த மாங்கனீசும் தனியாக அடி வாங்கி எரிகிறதா என்று கேட்டாள்.

"அங்கதான்கா வேடிக்கையே," என்றான் தியாகு. "மாங்கனீசு மேல நேரா அடி விழுந்தா அதுக்கு உறைக்கவே உறைக்காது. அடிய வாங்கறது ஆன்டிமனி. வாங்குனதுல பாதிய அது வெளிச்சமாவே காட்டாது, பக்கத்துல நிக்கற மாங்கனீசுகிட்ட சத்தம் போடாம தள்ளிவிட்டுடும். செவக்கறது மாங்கனீசு. பாக்கறவனுக்கு யாரு தள்ளுனதுன்னு தெரியவே தெரியாது."

அவள் கை முந்தானை முடிச்சுக்குப் போனது. அதை அவன் கவனிக்கவில்லை, ஏணியை மடக்கிக்கொண்டிருந்தான்.

அவன் சும்மா போகிறவனா? நேரே முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தான். முதலாளி விளக்குக் கம்பெனியைத் திட்டினார், பிறகு அவனைத் திட்டினார். அன்றைக்கே சொன்னேனே, வெளிச்சம்னா வெளிச்சம்தான், பேசாமல் மாட்டு என்று சொன்னது நீங்கள்தானே என்று அவன் கேட்டதும் திட்டுவதை நிறுத்திக்கொண்டார். இந்த மாசம் முடியும்வரை வேறு குழல் கிடைக்காது என்பதையும் அவன் சொல்லிவிட்டுப் போனான். முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு அவருக்கே ஒரு யோசனை பிடிபட்டது. அப்படியென்றால் அந்தப் பெண் இந்த விளக்கில்தான் ஏமாந்து சுருளை மாற்றி எடுத்திருக்கிறாள்; பாவம், வேண்டுமென்று செய்யவில்லை. சாரதா, நீ அந்தப் பக்கம்தானே இருக்கிறாய், நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லிவிடு என்றார்.

பாருங்கள், எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. சீதாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சாரதாவின் பேர் பத்திரமாக இருந்தது. பழி போய் ஒரு விளக்கின் மேல் உட்கார்ந்துகொண்டது, விளக்கு வழக்குப் போடப் போவதில்லை. அவள் சரிங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஐந்து நாளாக ஒதுக்கின சந்துக்குள் நுழைந்தாள். சீதா வீட்டு வாசலில் காகிதக் கொடிகளைப் பசை தடவி நூலில் ஒட்டிக்கொண்டிருந்தாள். கம்பத்துக்குத் தோரணம் கட்டுகிறார்களாம். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சாரதாம்பாள் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். விளக்கு இரண்டு ஜாதி, பின்பக்கத்து விளக்கு நிறத்தைப் புரட்டிவிட்டது, முதலாளிக்குக் கோபம் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வரச் சொன்னார். சொல்லச் சொல்ல அவளுக்கே அது அழகாகக் கேட்டது.

சீதா ஒரு கொடியை ஒட்டி முடித்துவிட்டு மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். விளக்கு ஏமாற்றியது சரி, யாரை ஏமாற்றியது? அடுத்த கொடியை எடுத்துக்கொண்டே சீதா, "தாண்டா மானா?" என்றாள். அடையாளம் எங்கே என்கிறாள்.

சாரதாம்பாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் துண்டை நீட்டினாள். ஐந்து நாள் வியர்வையில் அது சுருங்கிக் கிடந்தது. வெட்டு மட்டும் அப்படியே இருந்தது. சீதா அதை வாங்கவில்லை. அவள் தமிழில் பேசுவது அபூர்வம், அன்றைக்குப் பேசினாள்.

"எனக்கு வேலே வேணும் அக்கா. ஊட்டுலே சும்மா ஒக்காந்து சாப்புட முடியாது. ஆனா தப்புப் பண்ணவ மாதிரி உள்ளே வர மாட்டேன். இத நீ எங்கிட்டே காட்டாதே. மொதலாளிகிட்டே காட்டு."

சொல்லிவிட்டு மறுபடி பசைக் கிண்ணத்துக்குள் விரலை விட்டாள். சாரதாம்பாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்படி ஒரு வெட்கத்தை அவள் புருஷன் விட்டுப்போன நாளில்கூடப் பட்டதில்லை. அப்போது தப்பு அவன் பேரில் இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே சந்திரமதி கடைக்கு வந்திருந்தார். விளக்குக் கதையைச் சொல்லிச் சமாதானப்படுத்த முதலாளிதான் ஆள் அனுப்பியிருந்தார். இருவரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சாரதாம்பாள் உள்ளே போகவில்லை. ஐந்தடியில் வெயில் விழுகிற பழைய இடத்தில் நின்று துண்டை முதலாளியின் கையில் கொடுத்தாள். இந்த வெட்டு என் கத்தரி வெட்டு, சீதா வெட்டின சுருள் நான் பார்த்துக் கொடுத்த சுருள்தான், அன்றைக்கே எனக்குத் தெரியும், தெரிந்தேதான் விரலால் மூடினேன் என்று நிறுத்தாமல் சொன்னாள். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

முதலாளி வெட்டைத் தடவிப் பார்த்தார். ஏன் என்று கேட்டார்.

"கண்ணு கெட்டுப்போச்சுன்னு பயந்துட்டேங்க. கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான்தான் கெட்டுப்போயிட்டேன்."

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் துண்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சந்திரமதி, இருபத்தேழாம் தேதிக்குத் துணி வந்துவிடுமா என்று மட்டும் கேட்டார். வரும் என்றார் முதலாளி. பிறகு சாரதாம்பாளின் முகத்தைப் பார்க்காமலே, போய் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வா, இனிமேல் நிறம் சீதா பார்க்கட்டும், நீ வெட்டு என்றார். அவள் இடுப்பிலிருந்த சின்னக் கத்தரியைக் கழற்றி அங்கேயே கொடுத்துவிட்டுக் காஜா பேராங்குக்கு நடந்தாள். இந்தத் தடவை நேர்வழியில் போனாள்.

பத்தரை மணிக்குச் சீதா ஐந்தடியில் உட்கார்ந்துவிட்டாள். புழுதியைப் பற்றி முதலாளி மூச்சு விடவில்லை. அரக்குப் புடவையைச் சுற்றிலும் நாலு சுருள். அரைமணி நேரம் விரித்தாள், மடித்தாள், தூக்கிப் பிடித்தாள், மறுபடி விரித்தாள். உள்ளே வெட்டுமேசையில் சாரதாம்பாள் பெரிய கத்தரியைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். வாசலை எட்டிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். எட்டிப் பார்த்தாள்.

சீதா ஒரு சுருளையும் புடவையையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். முனையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்ன வெட்டு. தன் அடையாளம் வேறாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள் போலும்.

துணி அளக்கிற கெஜக்கோல் பதித்திருந்தது மேசையின் வலது பக்கம், அந்த மஞ்சள் வெள்ளை விளக்குக்கு நேர் கீழே. சாரதாம்பாள் சுருளை அங்கே விரித்துப் புடவையை அதன் மேல் போட்டாள். இரண்டும் ஒட்டவில்லை. கொஞ்சமும் ஒட்டவில்லை. துணி கத்தரிப்பூ பக்கம் இழுத்தது, புடவை பழுப்பின் பக்கம் இழுத்தது. விளக்கின் சூது இதுதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் என்ன? பதினோரு வருஷமாக ஊர் நம்பின கண், இது தப்பு, இது தப்பு என்று அடித்துக்கொண்டது. நாற்பத்தெட்டுத் துண்டு. இன்னொரு முறை தவறினால் கடைக்கு முகம் இல்லை. ஆறு வருஷத்தில் சீதா ஒரு நாள்கூட நிறம் பார்த்தவள் இல்லை.

நிமிர்ந்தாள். எதிரே சீதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் கோபம் இருந்ததா, பயம் இருந்ததா, சொல்ல முடியாது.

"வெளியே போயி பாக்கறியா அக்கா?" என்றாள்.

வெயில் பதினைந்து அடி தூரத்தில் இருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வர ஒரு நிமிஷம் ஆகாது.

"வேணாம்," என்றாள் சாரதாம்பாள்.

இரட்டை வெட்டு இருந்த முனையை நாலு விரல் அகலத்துக்கு நறுக்கி எடுத்துத் தனியே வைத்தாள், வெட்டி முடித்ததும் மிச்சச் சுருளில் சுற்றி முடிவதற்காக. பிறகு துணியைக் கெஜக்கோலோடு இழுத்துப் பிடித்து, ஒட்டாத அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டே கத்தரியை ஓட்டினாள். முதல் துண்டை மடித்து ஓரமாக வைத்தாள். இன்னும் நாற்பத்தேழு இருந்தது.